பரணியின் வாயில் வைத்த கை

கோயிலின் மேற்கே நிற்கும் பேகோபுரத்துக்குப் பின்னால் மலையை நோக்கி ஏறும் எங்கள் சந்தில், ஒரு வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால் கடைசி வீட்டுக்காரி மூக்கைச் சுளிப்பாள். அப்படிப்பட்ட சந்தில், தருமன் மகள் சந்திரகலா மாட்டு டாக்டர் படிப்புக்கு மெட்ராசுக்கு மனுப் போட்ட சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. இத்தனைக்கும் தருமன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே மண்சுவர். அங்கே யாராவது தும்மினால் இங்கிருந்து நான் "நூறு" சொல்லுவேன். சேதியைக் கொண்டுவந்தவள் எதிர்வீட்டுக் காசியம்மாள். அவளுக்கு முன்னால், 'இது தெரிஞ்ச சங்கதிதானே' என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பி.எஸ்.சி. முடிச்சிட்டா இல்ல, பத்தலியாம். மறுபடியும் மொதல்லருந்தாம். நேத்து பள்ளிக்கூடம் முடிச்ச பசங்களோட ஒக்காந்து படிக்கணுமாம்," என்றாள் காசியம்மாள். "மாட்டுக்கு ஊசி போட அத்தினி வருசம் எதுக்குக்கா? தப்பாப் போட்டா மாடு இன்னா வாயத் தொறந்து கேக்கவா போவுது?"

அவள் பூக்காரி. கோயிலுக்குக் கட்டும் பூவைவிட ஊருக்குக் கட்டும் கதை ஜாஸ்தி. நான் அப்படி இல்லை. விசாரிக்காமல் எதையும் சொல்ல மாட்டேன். ஆகவே விசாரிக்கப் போனேன்.

தருமன் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். அவர் பெண்சாதி சரசு, பரணி என்கிற சீமைக் கலப்புப் பசுவை வைத்துக்கொண்டு பால் ஊற்றிக் குடும்பத்தின் மறுபாதியை இழுத்தாள். கார்த்திகை தீபத்தன்று விடியலில், கோயிலுக்குள்ளே பரணி தீபம் ஏற்றின நேரத்தில் பிறந்த கன்று என்பதால் அந்தப் பெயர். ஒரே மகள் கலா. நான் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டியபோது அவள் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி கலா, டீச்சருக்குப் படிச்சா ஆவாதா? ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து சம்பளம் வாங்கலாம்."

"மூணு வருசமா தவளையும் எலியும் அறுத்துப் பாத்தாச்சு பெரிம்மா. எல்லாம் செத்துப்போனதுங்க. உசுரோட இருக்கறத ஒன்னாவது பாக்கணும்."

"பட்டம் வாங்கினவளுக்கெல்லாம் அங்க எடம் குடுப்பாங்களா?"

"கொஞ்சம் எடம் வெச்சிருக்காங்களாம். கெடைச்சா பாக்கலாம்." தட்டிய வறட்டியைச் சுவரில் அறைந்தாள். அவளுடைய ஐந்து விரலும் அதில் பதிந்து நின்றன.

உள்ளேயிருந்து சரசு குரல் கொடுத்தாள். "கேளுங்கக்கா, நல்லாக் கேளுங்க. படிச்சி முடிக்கறப்ப இருபத்தாறு வயசு ஆயிடும். அப்ப எவன் வருவான் பொண்ணு கேட்டு? மாட்டப் புடிச்சிக்கினு வர்றவன்தான் வருவான்."

நேர்காணலுக்கு வரச்சொல்லி அட்டை வந்ததும் தருமன் அதை மண்டியில் காட்டினார். பலராமன் டீக்கடையில் காட்டினார். வழியில் கண்ட போஸ்ட்மேனிடமே மறுபடி காட்டினார் என்றும் கேள்வி. அன்றிலிருந்து எங்கள் சந்துக்கு அவள் டாக்டராகிவிட்டாள். காசியம்மாள் தூங்கி விழுகிற கோழியைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். பலராமன் கழிச்சல் கண்ட ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தான்.

"நான் இன்னும் சேரவே இல்லியேண்ணா!"

"சேந்தா மட்டும் இன்னாத்த புதுசா சொல்லித் தரப் போறாங்க? பாரும்மா, சும்மா."

அவளும் பார்த்தாள். அதுதான் வினை. கோழி பிழைத்துவிட்டது.

ஆனி பிறந்ததும் பரணி கன்று போட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எங்கள் பக்கத்து வழக்கப்படி சரசு சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் தட்டிப்போட்டு இட்லிப் பானையில் வேகவைத்துச் சந்து முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தனுப்பினாள். கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது; பிடி அரிசியோ சர்க்கரையோ போட்டுத் திருப்பினோம். நான் எங்கள் பங்கைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போயிருந்த மேல்வீட்டுக்காரி பங்கையும் கெட்டுப்போய்விடுமே என்று தின்றேன்.

ஆடிக் காற்று தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை காலை பரணி தவிட்டைத் தொடவில்லை. புல்லை வாயில் எடுத்து அப்படியே கீழே விட்டது. கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு எதையோ விழுங்கப் பார்த்தது, முடியவில்லை. கடைவாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தரைவரை தொங்கிற்று. சரசு வாளியில் தண்ணீர் காட்டினாள். வாயை வைத்து உறிஞ்சின தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. பிறகு கத்த ஆரம்பித்தது. அது மாடு கத்துகிற சத்தமே இல்லை. அடைத்துப்போன சங்கை யாரோ விடாமல் ஊதுவதுபோல, கரகரவென்று, மூச்சுக்கு ஒரு தரம். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கையில் இருந்ததைக் கீழே போட்டேன். போகாமல் இருக்க முடியுமா? போனேன். எனக்கு முன்னாலேயே சந்து அங்கே நின்றது.

"தொண்டையில ஏதோ மாட்டிக்கினுகீது," என்றான் பலராமன். "கோபுரத்தாண்ட வண்டிக்காரன் மாம்பழம் விக்கறான் இல்ல, கொட்டையெல்லாம் அங்கியேதான் கொட்டறான். மாங்கொட்டைதான்."

"மாங்கொட்டையேதான்," என்றாள் காசியம்மாள். "எங்கம்மா ஊட்டுல ஒரு எருமை இப்பிடித்தான் பனங்கொட்டைய முழுங்கிட்டு நின்னுச்சு. கைய உட்டு எடுத்தாங்க. அப்பறம் நாலு கன்னு போட்டுச்சு."

மாட்டாஸ்பத்திரிக்கு ஓடின தருமன் வெறுங்கையோடு வந்தார். டாக்டர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் தடுப்பூசி போடப் போயிருக்கிறார், வந்ததும் வருவார் என்றார்கள். பரணி மறுபடி கத்திற்று. சரசு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

அப்போது எல்லோருடைய கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

"இன்னாம்மா கலா, சும்மா நிக்கற? டாக்டருக்குப் படிக்கப் போற பொண்ணு நீ," என்றான் பலராமன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணா."

"தெரியறதுக்கு இன்னா கீது? உள்ள கைய உடு, கொட்டை தட்டுப்பட்டா இஸ்து வெளிய போடு. மெட்ராசுல கேப்பாங்க இல்ல, மாட்டத் தொட்டிருக்கியான்னு? சொல்லிக்கலாம்."

கலா அப்பாவைப் பார்த்தாள். தருமன் மகளைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு, "பாரும்மா... உன்னால முடிஞ்சா," என்றார்.

அவள் வளையலைக் கழற்றிச் சரசுவிடம் கொடுத்தாள். தருமன் மூக்கணாங்கயிற்றைத் தூணில் சுற்றித் தூரத்திலிருந்து இழுத்துப் பிடித்தார். பலராமன் கொம்பைப் பிடித்தான். கலா இடது கையால் நாக்கைப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு மறைந்தது, முழங்கைவரை போயிற்று. பெண்ணின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பரணி ஒரு தரம் கடைவாயால் மென்றதும் அவள் "ஆ" என்று கையை உருவினாள். விரல் மடங்கும் மொட்டியில் தோல் வழன்றிருந்தது. கை நிறைய எச்சில். கொட்டை இல்லை.

"ஒன்னுமே இல்லியே," என்றாள்.

"இன்னும் உள்ள எறங்கியிருக்கும்," என்றான் பலராமன். நாங்களும் இருக்கும் என்றோம். பெண் தைரியசாலி என்று காசியம்மாள் கண்ணேறு கழித்தாள். கலா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாட்டு டாக்டர் வந்தார். பரணி அதற்குள் விழுந்துவிட்டிருந்தது. படுத்தபடியே கால்களை ஓடுவதுபோல உதைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். பெட்டியைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். கேட்டார்:

"யாராவது வாய்ல கை வெச்சீங்களா?"

எங்கள் சந்து பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"நான் சார்," என்றாள் கலா. "மாங்கொட்டைன்னு நெனைச்சேன்."

"எல்லாரும் அப்பிடித்தாம்மா நெனைப்பாங்க. பாத்தா அப்பிடித்தான் இருக்கும்." அவர் குரல் மிகவும் சாதுவாகிவிட்டது. திட்டியிருந்தால்கூட நாங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். "கையில காயம் இருக்கா?"

கலா மொட்டியைக் காட்டினாள்.

"இந்த மாட்ட நாய் ஏதாவது கடிச்சுதா? ரெண்டு மூணு மாசத்துக்குள்ள?"

சரசு இல்லை என்று தலையாட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றாள். சித்ரா பௌர்ணமியன்று மேய்ச்சலுக்குப் போன மாடு மலை சுற்ற வந்த கூட்டத்தில் மிரண்டு அடி அண்ணாமலைப் பக்கம் ஓடிவிட, தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னங்காலில் பல் பட்ட இடம் இருந்தது. ஏதோ நாய். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டாள், ஆறிவிட்டது, மறந்துவிட்டாள்.

டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னார். 'வெறி.' ஒரே சொல். பிறகு கலாவைத் தொட்டியடிக்கு அழைத்துப்போய்ச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவச் சொன்னார். அவள் கழுவினாள். இன்னும் என்றார். மறுபடி கழுவினாள். இன்னும் என்றார். தண்ணீர் இறைத்து ஊற்றிய சரசுவின் சொம்பு தொட்டியில் இடித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் கையையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; எச்சில் பட்டதா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். கொம்பையும் கயிற்றையும் பிடித்தவர்கள்மேல் படவில்லை. "பொண்ண இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. ஒரு நாள்கூட விடாம ஊசி போடணும்," என்றார். "கன்னுக்குட்டியத் தனியாக் கட்டுங்க. யாரும் கிட்ட போவாதீங்க."

உச்சிவேளைக்குப் பரணி அடங்கிற்று. தோல் உரிக்கக்கூட விடாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள்.

அதற்குள் எங்களுக்குச் சீம்பால் ஞாபகம் வந்துவிட்டது. முதலில் யாருக்கு வந்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. கலா வெளிறிப்போய் முன்னால் நடக்க, அவளுக்குப் பின்னால் நாங்கள் கல்யாண ஊர்வலம்போல ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் இரண்டு பங்கு தின்றவள் என்பதால் முன்வரிசையில் நின்றேன்.

"பச்சையாக் குடிச்சீங்களா, வேகவெச்சித் தின்னீங்களா?" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"வேகவெச்சித்தாங்க. வெல்லம் போட்டு," என்றாள் காசியம்மாள்.

"அப்ப ஒன்னும் ஆவாது. போங்க."

"எதுக்கும் ஒரு ஊசி போட்டுடுங்களேன்," என்றான் பலராமன். "அந்தப் பாலத்தான் நான் ஊருக்கே டீ போட்டுக் குடுத்தேன். எவனாச்சும் குலைச்சிக்கினு வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"டீயும் காய்ச்சினதுதானய்யா. போய்யா வெளிய. இந்தப் பொண்ணு மட்டும் இரு."

அந்த 'மட்டும்' என்கிற வார்த்தையில் நாங்கள் எல்லோரும் பிழைத்தோம். மூச்சு விட்டோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் கலா ஒரே ஒரு தரம் முனகியது கேட்டது.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததும் பார்த்ததும் ஒன்றில்லை. தினமும் காலையில் சரசு அவளை அழைத்துக்கொண்டு போவாள். திரும்பும்போது கலா பாவாடை நாடாவைத் தளர்த்தி, வயிற்றின் மேல் கை வைத்துக் குனிந்தபடி சந்தில் ஏறுவாள். அடிவயிறு கன்றிப்போய்க் கல்லுக் கல்லாக வீங்கியிருந்தது என்று சரசு சொன்னாள். அந்த ஊசியாலேயே கால் விழுந்துபோனவர்கள் உண்டு என்று காசியம்மாளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்; நானும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் மற்றவர்களிடம் சொன்னேன்.

இந்த நோய் வந்தவர்கள் தண்ணீரைக் கண்டால் மிரள்வார்கள். இது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆகவே நாங்கள் தண்ணீர் கொடுக்கத் தொடங்கினோம்.

முதலில் சரசுதான். காலையில் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மகள் கையில் கொடுத்துவிட்டு, அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு மிடறு இறங்கினால்தான் அடுப்பு மூட்டுவாள். அப்புறம் சந்து. "வெயிலா கீதே, இந்தா மோரு," என்பாள் காசியம்மாள். "இஞ்சி தட்டிப் போட்ட டீம்மா," என்பான் பலராமன். நான் பானகம் கரைத்துச் சுவருக்கு மேலாக நீட்டினேன். வாங்கின பெண் குடிக்கிறவரை கையை எடுக்காமல் நின்றேன்.

"வேணாம் பெரிம்மா. வயிறு ரொம்பிப்போச்சு."

"ஒரு வாய் குடிடி."

"இப்பதான் காசியக்கா ஊட்டுல மோர் குடிச்சேன்."

"நல்லா முழுங்கினியா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று தெரிந்தது. கலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பானகத்தை அண்ணாந்து கடகடவென்று முழுவதும் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். "போதுமா பெரிம்மா? எறங்கிடுச்சு."

இதற்கு நடுவில் நேர்காணல் நாள் வேறு. அன்றைக்கு ஊசி முடிய நாலைந்து நாள் மிச்சம் இருக்கும். "போவ வேணாம்," என்று சரசு தீர்த்துவிட்டாள். "படிக்கறதுக்கு மின்னாடியே உசுர கேட்டுச்சு அந்தப் படிப்பு. படிச்சா இன்னா கேக்குமோ." ஆச்சரியம் என்னவென்றால் கலா மறுத்துப் பேசவில்லை. அவளுக்கே மாட்டுப் பக்கம் திரும்ப முடியவில்லை. தெருவில் எந்த மாடாவது கத்தினால் உள்ளே போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கரகரத்த சத்தம் காதிலேயே இருக்கிறது என்றாளாம்.

கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டிதான் பாவம். நோய்கண்ட தாயின் மடியில் குடித்த கன்று. அதற்கும் வருமோ என்று யாரும் அண்டவில்லை. புல் தின்கிற வயசும் இல்லை. தருமன் தூரத்திலிருந்து கழியால் தள்ளிவிட்ட தண்ணீர்ச் சட்டியை அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தாயைத் தேடிக் கத்தும். பரணியைப் புதைத்த பிறகு இரண்டு பகல் கத்திற்று. மூன்றாம் நாள் கத்தக் கத்த, குரல் கம்மிக்கொண்டே போனது. பலராமன் என்ன நினைத்தானோ, தன் கடைக்கு வருகிற வேறு பாலில் ஒரு தூக்குச்சட்டி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "நான் உள்ள வரலம்மா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பால் வந்துவிட்டது. யார் கொடுப்பது? சட்டியில் பால் வைத்தால் மடி குடித்துப் பழகின கன்றுக்குக் குடிக்கத் தெரியாது. விரலை அதன் வாயில் சப்பக் கொடுத்து, சப்பும்போதே முகத்தைச் சட்டிக்குள் அமுக்க வேண்டும். அப்படித்தான் பழக்குவது. மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்த எல்லோரும் சுவரோரமாக நின்றோம்.

கலா வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்டுக்கொண்டு வந்த நேரம். மெதுவாகச் சுவரைப் பிடித்து எழுந்து தூக்குச்சட்டியை எடுத்தாள்.

"எங்கடி போற?" என்றாள் சரசு.

"பசிக்குதுன்னு கத்துதும்மா."

"கத்தட்டும்! செத்தா சாவட்டும்! நீ அங்க போனா நான் இங்கயே தலைய ஒடைச்சிப்பேன்."

"உங்க யாருக்கும் ஊசி போடலம்மா. எனக்குப் போட்டுக்கினு இருக்காங்க இல்ல. இந்தச் சந்துல அதும் பக்கத்துல போறதுக்கு இப்ப நான் ஒருத்திதான் இருக்கேன்."

மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். குனிய முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். பாலில் விரலை நனைத்தாள். இடது கையை நீட்டினவள் அதை எடுத்துவிட்டு, மொட்டியில் கட்டுப் போட்டிருந்த வலது கையை நீட்டினாள்.

"அடியே, அந்தக் கையில காயம்டி!" என்று நானே கத்திவிட்டேன்.

"இந்தக் கைய ஏற்கனவே குடுத்தாச்சு பெரிம்மா," என்றாள் திரும்பிப் பார்க்காமல். "கெட்டது ஒரு கையோட போவட்டும்."

  கன்று விரலைக் கவ்வியது. கலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், ஆனால் கையை உருவவில்லை. சட்டிக்குள் அதன் முகத்தை அமுக்கினாள். தும்மிற்று. பால் அவள் முகமெல்லாம் தெறித்தது. மறுபடி அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் சப்புகிற சத்தம் சீராகக் கேட்டது. சரசு தலையை உடைத்துக்கொள்ளவில்லை. மண்ணில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாய் திறந்து அழுதாள்.

விஷயம் தெரிந்த மாட்டு டாக்டர் வந்து கலாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். "உனக்கு அறிவு இருக்கா? ஊசி போட்டா கைய எங்க வேணா வெச்சிடுவியா?" என்றார். கைக்கு மாட்டிக்கொள்ள ரப்பர் உறை கொடுத்தார். போகிறபோது சந்து முனையில் தருமனை நிறுத்தி, "நேர்காணல் என்னிக்கி?" என்று கேட்டாராம். "மெட்ராசுலயும் அந்த ஊசி இருக்குது. பெரியாஸ்பத்திரியில சீட்டு எழுதி வாங்கிக்கினு போங்க. ஒரு நாள் தப்பக் கூடாது, அவ்ளோதான்."

அப்பாவும் மகளும் மெட்ராஸ் போனார்கள். சரசு தடுக்கவில்லை, வாழ்த்தவும் இல்லை. பஸ்ஸில் ஆறு மணி நேரம் குலுங்கி, காலையில் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, நேராக நேர்காணலுக்கு. தருமன் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர். ஆனாலும் பலராமன் கடையில் அவர் சொன்னபோது ஏதோ உள்ளே கூடவே நின்றவர்போலத்தான் சொன்னார்.

"பெரிய ரூமு. நாலு பேரு ஒக்காந்திருக்காங்க. ஒக்காரும்மான்றாங்க. இவ ஒக்காரல. வயித்த மடக்க முடியல இல்ல. மரியாதைக்கு நிக்கறான்னு நெனைச்சிக்கினாங்க. பி.எஸ்.சி. படிச்ச பொண்ணு, எதுக்கும்மா திரும்ப மொதல்லருந்து வர்றன்னு கேட்டாங்க. இவ எல்லாத்தையும் சொல்லிட்டா. மாங்கொட்டை, நாயி, ஊசி, எல்லாம்."

"ஐயையோ, எதுக்குச் சொன்னா?" என்றாள் காசியம்மாள்.

"அதான் நானும் கேட்டேன். கேட்டா, பயமா இருந்துச்சு நைனா, வேற எதுவும் ஞாபகம் வரலன்றா. ஒருத்தரு கேட்டாராம், எந்தக் கைன்னு. இவ வலது கைய நீட்டிக் காட்டினாளாம். நாலு பேரும் அந்தக் கையவே பாத்துக்கினு இருந்தாங்களாம். அப்பறம் கேள்வியே கேக்கல."

"அப்ப சீட்டு கெடைக்காது," என்றான் பலராமன் வருத்தத்தோடு.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஊசி முடிந்தது. கன்றுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. துள்ளித் திரிந்து காசியம்மாளின் கதம்பத்தைத் தின்றது. ஆவணி கடைசியில் இடம் கிடைத்ததாகத் தபால் வந்தது. தருமன் இந்தத் தடவை அதை யாருக்கும் காட்டவில்லை.

ஏனென்றால் பயம் முடியவில்லை. இனிமேல் வராதுதானே என்று சரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். அவர், "ஊசி போட்டாச்சும்மா, தைரியமா இருங்க. சில பேருக்கு மாசம் கழிச்சி வரும். அபூர்வமா வருசம்கூட ஆவறது உண்டு. இவளுக்கு வராதுன்னுதான் நான் நெனைக்கறேன்," என்றாராம். டாக்டர் 'நினைக்கிறேன்' என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படித் தூங்குவாள்? சரசு தூங்கவில்லை. மகள் குளிக்கப் போனால் தண்ணீர் விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். இருமினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். சரசு எங்கே அசந்துபோனாளோ அங்கே நாங்கள் பார்த்தோம். கலா தலைவலி என்று படுத்தால் அது கோபுரம்வரை போயிற்று. அந்த நோய்க்குக் காற்றும் ஆகாதாம்; காற்று பட்டு அவள் முகம் சுளித்ததைக் காசியம்மாள் மூன்று வீட்டில் சொன்னாள். கலா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வாசலுக்கு வருவதை விட்டாள்.

ஒரு சாயங்காலம் சரசு சுவரோரம் வந்து நின்றாள். நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அவ போவட்டும்."

"இன்னா சரசு சொல்ற? கண்ணுக்கு மின்னாடி இருந்தாலே இந்தப் பாடு படற. அங்க போய் ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா?"

"அங்க பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்க. இருக்கட்டும், அது இல்ல." சுவரின் மண்ணை நகத்தால் சுரண்டினாள். "நேத்து ராத்திரி சோறு போட்டேன். ஒவ்வொரு வாயா முழுங்கிட்டு, ஒவ்வொரு தபாவும் தலையத் தூக்கி என்னப் பாக்கறாக்கா. முழுங்கிட்டேம்மா, முழுங்கிட்டேம்மான்னு சொல்ற மாதிரி. என் பொண்ணு என் எதுருல சோறு துன்னக்கூட பயப்படறா. அந்த நோயி வருதோ இல்லியோ, நான் பாத்துப் பாத்தே அவள சாவடிச்சிடுவேன் போலகீது. எல்லாருந்தான். அவளுக்குத் தெரியாதவங்க நடுவுல போய் ஒரு வாய் நிம்மதியா துன்னட்டும்."

நான் முறத்தில் கல் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சரசு வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கள் சந்தில் யார் வெளியூர் போனாலும் வழியனுப்பச் சந்தே வாசலில் நிற்கும். நிறைகுடத்தோடு எதிரே வருவது எப்போதும் நான்தான். அதில் எனக்கு ராசி உண்டு. அதற்கென்று குடத்தைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தேன்.

"குடம் வேணாங்கா," என்றாள் சரசு. "யாரும் வாசல்ல நிக்காதீங்க. கதவத் தொறக்காதீங்க. அவ நடந்து போறத யாரும் பாக்காம ஒரே ஒரு தபா போவட்டும்."

எங்கள் சந்திடம் போய் இப்படி ஒன்றைக் கேட்கலாமா? கேட்டாள்.

விடியலில் முதல் பஸ். நான் எழுந்து முகம் கழுவிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பார்க்கக் கூடாது என்றுதானே சொன்னாள், கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் விழுந்தது. தருமனின் இருமல். தகரப்பெட்டி நிலையில் இடித்தது. செருப்புச் சத்தம் இரண்டு ஜோடி இறங்கிற்று. காசியம்மாள் வீட்டு எதிரே நின்றது. அவள் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரிந்தது.

"இன்னா நைனா, கோலம்கூட யாரும் போடல? ஊரையே காலி பண்ணிட்டாங்களா?"

"தூங்கறாங்கம்மா."

"தூங்கறாங்களா? நம்ப சந்துலயா?"

பிறகு சிரித்தாள். அடக்க முயன்று முடியாமல், வயிறு வலிக்கச் சிரித்தாள். பரணி விழுந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. கதவைத் திறந்து அந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட என் கை துடித்தது. சந்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. செருப்புச் சத்தம் கோபுரத்துப் பக்கம் திரும்பித் தேய்ந்து, காற்றோடு போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரசு கூப்பிட்டாள். தரையில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

"போயிட்டாளாக்கா?"

"ஏண்டி, நீ வாசல்ல நிக்கலியா?"

"இல்லக்கா," என்றாள். "நானும் பாக்கல."